இடம் காணாத நாடு

இலங்கையில் நடந்த 83 கலவரத்துக்குப் பிறகு சுவிசுக்கு வந்த பொடியன்களில் நானும் ஒருவன். பேர்ண் ரயில் நிலையத்தில் கூடி நிற்போம். அகதிக் காம்பில் பகல் முழுக்கக் கிடக்க முடியாது. ஊர்ப் புதினம் கொண்டுவருகிறவனும் அங்கேதான் வருவான். குளிருக்குப் போட்ட தோல் ஜாக்கெட்டை வைத்தே பத்திரிகைகள் எங்களைப் போதைப்பொருள் வியாபாரிகளாக்கின. அந்த ஊரில் அதுவரை கறுத்த முகங்களைக் கூட்டமாகக் கண்டவர்கள் குறைவு.

நான் கோப்பை கழுவிய உணவகத்தின் சமையற்காரர் கலாப்ரியாவிலிருந்து வந்த இத்தாலியர். சீசன் தொழிலாளியாக வந்தவர்: வருடத்தில் ஒன்பது மாத அனுமதி, குடும்பத்தைக் கூப்பிட உரிமையில்லை. மகளைக் கள்ளமாகக் கொண்டுவந்து வீட்டுக்குள் ஒளித்து வளர்த்திருக்கிறார். பகலில் தண்ணீர்க் குழாயைத் திறக்கவும் பிள்ளை பயப்படுமாம். ஜெனீவா தவிர்ந்த மாநிலங்களில் வெளிநாட்டவர் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று அரசியல்வாதி ஷ்வார்ட்சன்பாக் கொண்டுவந்த யோசனைக்கு 1970 ஜூன் 7இல் வாக்கெடுப்பு நடந்தது. 54 வீதத்தினர் மறுத்ததால் இத்தாலியர் பலர் தப்பினார்கள். வாக்களித்தது ஆண்கள் மட்டும். பெண்களுக்கு அடுத்த வருடம்தான் வாக்குரிமை வந்தது. இவ்வளவையும் அனுபவித்த மனிதர், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை தன் மேற்சட்டையை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

2014 பெப்ரவரி 9இல், பெருமளவு குடிவரவுக்கு எதிரான வாக்கெடுப்பில், குடியுரிமை பெற்ற நானும் வாக்குப் போட்டேன். 50.3 வீதம் ‘ஆம்’. வெளிநாட்டவர் நெருக்கமாக வாழும் சூரிச், பாசல், ஜெனீவா நகரங்கள் ‘இல்லை’ என்றன; அவர்கள் குறைவாக உள்ள ஊரி போன்ற மலை மாநிலங்கள் ‘ஆம்’ என்றன. பழகினால் பயம் தெளியும் என்று முடிவுகட்டவும் இத்தாலி எல்லையிலுள்ள டிச்சினோ மாநிலம் விடவில்லை. தினமும் எல்லை தாண்டி வரும் இத்தாலியத் தொழிலாளரால் சம்பளம் இறங்குகிறது என்ற கோபம் அங்கே. 68 வீதம் ‘ஆம்’. தலை எண்ணிக்கையைவிட, மாற்றம் வந்த வேகமும் அது யாருடைய சம்பளத்தில் கைவைக்கிறது என்பதுமே பெரிது என்று எனக்குப் படுகிறது.

எங்கள் ஆட்களிலும் ‘ஆம்’ போட்டவர்கள் உண்டு. என்னோடு காம்பில் படுத்தெழும்பியவன், இப்போது சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான், கோயில் மண்டபத்தில் எரித்திரிய அகதிகளைத் திட்டினான்.

“நாடு சின்னன் மச்சான், இன்னும் எத்தினை பேரைத் தாங்கும்?”

“எங்களைத் தாங்கினதுதானே?” என்றேன்.

“நாங்கள் வேலை செய்தனாங்கள்.”

சில மாதத்தில் அவன் கடையில் கோப்பை கழுவ ஆள் தேவைப்பட்டது. வந்து சேர்ந்தவன் எரித்திரியப் பொடியன். நான் வாய் திறக்குமுன் அவனே முந்திக்கொண்டான்: “இவன் நல்லவன். நான் சொன்னது மற்றவங்களை.”