வாசலில் நிற்கும் பிள்ளைகள்

சிட்னி நகரின் மேற்குப் புறத்தில், வென்ட்வொர்த்வில், துங்காபி, பெண்டில் ஹில் முதலிய இடங்களில் குடியேறி வாழும் இலங்கைத் தமிழராகிய நம்மவர் இல்லங்களில், பிள்ளை நான்காம் வகுப்பை எட்டியதும் தவறாமல் உச்சரிக்கப்படும் பெயர் ஒன்று உண்டு. அது கார்லிங்ஃபோர்டில் உள்ள ஜேம்ஸ் ரூஸ் விவசாய உயர்நிலைப் பள்ளியின் பெயர். 1788ஆம் ஆண்டில் முதற் கப்பற்படையோடு கைதியாகக் கொண்டுவரப்பட்டு, பரமட்டா மண்ணை உழுது பயிர்செய்து காட்டி, இக்குடியேற்றத்தில் முதன்முதலாகக் காணி மானியம் பெற்ற ஒருவனுடைய நாமத்தைத் தாங்கி 1959இல் ஆரம்பமான அந்தப் பள்ளி, 1996 முதல் 2022 வரை எச்.எஸ்.சி. என்னும் பள்ளி இறுதிப் பரீட்சையின் பெறுபேறுகளில் மாநிலத்தின் முதலிடத்தை இடைவிடாமல் வகித்தது. 2023இல் அவ்விடம் நோர்த் சிட்னி ஆண்கள் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றபோது, நம்மவர் கூடும் வைபவங்களில் அதைப்பற்றியே பல நாட்கள் பேசப்பட்டது என்றால், இவ்விஷயம் நம் உள்ளங்களில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது விளங்கும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், அப்பள்ளியைப்போல முழுமையாகவோ பகுதியாகவோ செலக்டிவ் முறையில், அதாவது போட்டிப் பரீட்சையில் தேர்ந்து, மாணவரைச் சேர்க்கும் அரசாங்க உயர்நிலைப் பள்ளிகள் ஏறத்தாழ ஐம்பது இருக்கின்றன. அவற்றின் ஏழாம் வகுப்பில் உள்ள 4,200க்குச் சற்று மேற்பட்ட இடங்களுக்கு ஆண்டுதோறும் 15,000க்கும் அதிகமான சிறுவர் போட்டியிடுகிறார்கள். பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் விண்ணப்பம் திறக்கிறது. விருப்ப வரிசைப்படி மூன்று பள்ளிகள் வரை பெற்றோர் குறிப்பிடலாம். அடுத்த ஆண்டு மே மாதத்தில் வாசிப்பு, கணிதத் தர்க்கம், சிந்தனைத் திறன், எழுத்து என்னும் நான்கு பகுதிகளில் பரீட்சை நடக்கிறது. பெற்ற புள்ளி இன்னதென்று இப்போது அறிவிக்கப்படுவதில்லை. பிள்ளை மேல் பத்து வீதத்தில் நின்றதா, அதற்கடுத்த பதினைந்து வீதத்தில் நின்றதா என்று படித்தரம் மாத்திரமே சொல்லப்படுகிறது. இத்தனைக்கும் கட்டணம் ஏதுமில்லை. மாதிரி வினாத்தாள்களையும் கல்வித் திணைக்களமே இலவசமாக வழங்குகிறது.

ஆயினும், கட்டணமில்லாத இந்தப் பரீட்சைக்காக நம் குடும்பங்கள் செலவிடும் திரவியமும் காலமும் சாமானியமானவை அல்ல. சனிக்கிழமைக் காலையில் தமிழ்ப் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளையை மத்தியானமே கோச்சிங் வகுப்பிற்கு அழைத்துச் செல்வதும், இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்துவிட்டால் தமிழ்ப் பள்ளியை ஓர் ஆண்டுக்கு நிறுத்திவைப்பதும், விடுமுறை நாட்களில் மாதிரிப் பரீட்சைகளின் தரவரிசைப் பட்டியலை வீட்டார் அனைவரும் சுற்றியிருந்து பார்ப்பதும் இங்கே சர்வசாதாரணம். கல்வி ஒன்றைத் தவிர வேறெதையும் காவிக்கொண்டு வரமுடியாத அவசரத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு சமூகம், அதே கல்வியைத் தன் பிள்ளைக்கு அரணாக்க விழைவதை நான் குறைகூறமாட்டேன். எனினும் பதினொரு வயதுப் பிள்ளையின் புள்ளியில் இயற்கையான ஆற்றல் எவ்வளவு, பெற்றோர் கொடுக்க முடிந்த பயிற்சி எவ்வளவு என்று பகுத்துச் சொல்ல எந்தப் பரீட்சையாலும் இயலாது என்பதை, பயிற்சி கொடுக்க முடிந்த நாமே முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இந்த உண்மையை அரசாங்கமும் உணர்ந்ததன் விளைவாக, 2023ஆம் ஆண்டுப் பிரவேசம் முதற்கொண்டு, ஒவ்வொரு பள்ளியிலும் இருபது வீதம் வரையிலான இடங்கள், கல்வியிலும் தொழிலிலும் பின்தங்கிய பெற்றோரின் பிள்ளைகள், பூர்வகுடிப் பிள்ளைகள், தூரத்துக் கிராமங்களில் வசிப்போர், உடற்குறை முதலியன உடையோர் ஆகியோருக்கென்று வைக்கப்படுகின்றன. எங்கள் வீதியில் வசிக்கும் முதியவர் ஒருவர் இதைக் கேள்வியுற்று மிகவும் கலங்கிப்போனார். "தம்பி, அண்டைக்கு எங்களுக்குச் செய்ததைத்தான் இண்டைக்கு இஞ்சை என்ரை பேரனுக்குச் செய்யிறாங்கள். புள்ளி எடுத்தவனுக்குத்தானே இடம் குடுக்கவேணும்?" என்று அவர் கேட்டபோது, அக்குரலில் இருந்தது வெறும் கோபம் அன்று. 1971இல், இலங்கையின் பேராதனைப் பொறியியற் பீடத்திற் சேர்வதற்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவன் 250 புள்ளியும் சிங்களமொழி மூலம் எழுதியவன் 227 புள்ளியும் பெற்றால் போதுமென்று விதிக்கப்பட்ட காலத்தில், அவ்விரண்டுக்கும் இடையே நின்றதனால் தன் வாழ்க்கையின் திசையே மாறிப்போனவர் அவர்.

அவருக்கு நான் அன்று சொன்னதையே இங்கும் சொல்லுகிறேன். எழுபதுகளின் அந்தத் தரப்படுத்தல், பிள்ளை எந்த வசதியை இழந்திருந்தான் என்று கேட்கவில்லை. எந்த மொழியில் எழுதினான் என்றே கேட்டது. கொழும்பில் சகல சௌகரியங்களோடும் படித்த சிங்கள மாணவனுக்குக் குறைந்த புள்ளியும், விளக்கு வெளிச்சத்தில் படித்த வன்னித் தமிழ் மாணவனுக்குக் கூடிய புள்ளியும் அது விதித்தது. அதன் அநீதி அங்கேதான் இருக்கிறது. அதற்குப்பின் 1974இல் வந்த மாவட்டக் கோட்டா முறை யாழ்ப்பாணத்தாருக்குக் கடுமையான நஷ்டத்தை விளைவித்ததாயினும், மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய இடங்களின் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு முன்பு அடைபட்டிருந்த வழியைத் திறந்தது என்பதையும், யாழ்ப்பாணத்திற் பிறந்த நான் மறைக்க விரும்பவில்லை. இன்றைய சிட்னி விதியோ தகுதியில்லாதவரைக் கைப்பிடித்து உள்ளே இழுப்பதன்று. சேர விரும்பும் பள்ளியின் குறைந்தபட்சப் புள்ளிக்குப் பத்து வீதத்துக்குள் வந்து நிற்பவரையே அது கருதுகிறது. அந்த இடங்கள் நிரம்பாவிட்டால் மீண்டும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகின்றன. ஜேம்ஸ் ரூஸுக்கு வழங்கப்பட்ட காணி பூர்வகுடிகளான தருக் மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட பூமி என்பதை நினைப்பவருக்கு, அவன் பெயர் கொண்ட பள்ளியில் பூர்வகுடிப் பிள்ளைக்குச் சில இடங்களைக் காத்துவைப்பது சலுகையாகத் தோன்றுமா?

இன்னொன்றும் உண்டு. என் மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அவளோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த தமிழ்ச் சிறுமி ஒருத்தி, கணக்கில் அவளைவிடக் கெட்டிக்காரி. படகில் வந்து, தற்காலிக விசாவில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த குடும்பம்; தகப்பனார் இரவு முழுவதும் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்பவர். பிரஜைகளும் நிரந்தர வதிவிடம் பெற்றோருமே இப்பள்ளிகளில் இடம் பெறலாம் என்ற விதியினால், என் மகள் எழுதிய பரீட்சையை அச்சிறுமி எழுதவில்லை. 2023 பெப்ரவரியில், அத்தகைய தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தோர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, அவளுடைய வயது அந்த வகுப்பைத் தாண்டிவிட்டது. இருபது வீதத்தைப்பற்றி மணிக்கணக்காக வாதித்த நம்மவர் சபைகளில், வாசலுக்கே வர அனுமதியில்லாத இந்த நம்முடைய பிள்ளைகளைப்பற்றி ஒருவரும் வாய்திறந்து நான் கேட்டதில்லை. அது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

அநீதியை அனுபவித்தவனுக்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. தனக்கு நேர்ந்ததைத் தன் பிள்ளைக்கு நேராமற் காப்பது ஒன்று. எவருடைய பிள்ளைக்கும் நேராமற் காப்பது மற்றொன்று. முன்னதை நாம் நிறைவாகவே செய்து வருகிறோம். பின்னதற்கு வேண்டிய சாதனங்களும் நம் கைவசம் இல்லாமல் இல்லை: தமிழ்ப் பள்ளிகளின் கட்டடங்கள் இருக்கின்றன, இப்பரீட்சையில் தேறிப் பல்கலைக்கழகம் புகுந்த நம் இளைஞர் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், இலவச வினாத்தாள்கள் இருக்கின்றன. கட்டணம் செலுத்த இயலாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் இவ்விளைஞர்கள் வகுப்பு நடத்தலாம். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பத் தயங்கும் தாய்மாருக்கு அருகிலிருந்து உதவலாம். பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோரின் கல்வியையும் தொழிலையும் வெட்கத்தினால் மறைக்காமல் உள்ளபடி எழுதினால்தான் அந்த இருபது வீதத்தின் பயன் பிள்ளையைச் சேரும் என்று எடுத்துச் சொல்லலாம். இன்னும் நிரந்தர விசா கிட்டாதவர்களின் பிள்ளைகளையும் இப்பள்ளிகளில் சேர அனுமதிக்குமாறு சட்டமன்ற உறுப்பினரிடம் முறையிடலாம். தரப்படுத்தலால் இடமிழந்த தலைமுறை இந்தக் கைங்கரியத்துக்குத் தலைமை தாங்குமானால், அந்தப் பழைய காயத்துக்கு அதைவிடக் கௌரவமான பதில் வேறொன்று இருக்க முடியாது.