வெட்டியது போக மிச்சம்

உங்கள் வீட்டுப் பரண் மீதோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு பழைய செருப்பு டப்பா இருக்கிறதா, பாருங்கள். இருக்கும். அதற்குள் என்னென்ன இருக்கும் என்பதையும் நான் இங்கிருந்தே சொல்லி விடுகிறேன். குழந்தை பள்ளிக்கூடத்துக்கு ஏதோ செய்தது போக மிஞ்சிய சார்ட் அட்டை, கொலுவுக்கு வாங்கிய சரிகைத் தாளில் ஒரு துண்டு, விரற்கடை அகலத்தில் நறுக்கிய வர்ணக் காகிதங்கள், அரை முழம் ரிப்பன், எந்தப் புடவையிலிருந்தோ உதிர்ந்த நாலு ஜமிக்கி. 'எதற்காவது உதவும்' என்று எடுத்து வைத்திருப்பீர்கள். இதுவரை எதற்கும் உதவியிராது. தூக்கி எறியவும் மனம் வராது.

"பொங்கல் வருகிறது. மிச்சக் காகிதத்தில் வாழ்த்து அட்டை செய்வது பற்றி எழுதுங்களேன்" என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். எனக்கோ கத்தரிக்கோலைப் பிடித்தால் கோடு ஒரு பக்கம் போகும், வெட்டு ஒரு பக்கம் போகும். ஆனாலும் தைரியமாகத் தலையை ஆட்டிவிட்டேன். காரணம், எனக்கு அமிர்தியில் ஓர் அத்தை இருக்கிறாள்.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர் போனால் அமிர்தி வந்துவிடும். ஜவ்வாது மலையின் அடிவாரம். 1967-இல் வனத்துறையார் அமைத்த சிறிய மிருகக் காட்சிசாலை ஒன்று அங்கே உண்டு. மழைக் காலத்தில் அருவியும் உண்டு. வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடக் குழந்தைகளைக் கேட்டால், புளியோதரைப் பொட்டலத்தோடு அமிர்திக்குப் போய் மான் பார்த்த கதையைச் சொல்வார்கள். அந்தப் பக்கத்துப் பால்வாடி ஒன்றில்தான் அத்தை வெகு காலம் டீச்சராக இருந்தாள்.

பால்வாடியில் காகிதத்துக்கு என்ன குறைச்சல்? மாம்பழம், யானை, கிளி என்று குழந்தைகளுக்கு வெட்டிக் காட்ட வேண்டும் அல்லவா? வெட்டியது போக மிச்சமெல்லாம் அத்தையின் டப்பாவுக்கு வந்துவிடும். மாம்பழத்தின் மிச்சம் பொங்கலன்று சூரியனாகும். யானையின் மிச்சம் பானையாகும். கிளியின் பச்சை கரும்புத் தோகையாகும். வருஷா வருஷம் தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு அத்தையின் அட்டை வந்து சேரும்.

அப்போதெல்லாம் மார்கழி பிறந்தால் கடை வாசலில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தோரணம் போலத் தொங்க விடுவார்கள். சிவகாசியில் அச்சானவை. மாடு, பானை, முருகன், சினிமா நட்சத்திரங்கள் எல்லாரும் ஒரே கயிற்றில் தொங்குவார்கள். திராவிட இயக்கத்தார் பொங்கலைத் தமிழர் திருநாள் என்று முன்னிறுத்திக் கொண்டாடியதோடு இந்த அட்டைப் பழக்கமும் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. உறையை ஒட்டாமல் 'புக் போஸ்'டில் போட்டால் தபால் செலவும் குறைவு. என் சிநேகிதிகள் வீட்டுக்கெல்லாம் பளபளவென்று கடை அட்டை வரும்போது, எங்கள் வீட்டுக்கு மட்டும் பசை மணக்கும் அட்டை வருகிறதே என்று எனக்கு வெட்கமாக இருக்கும். குழந்தைப் புத்தி!

இனி நான் சொல்லப் போவது எங்கள் குடும்ப சமாசாரம். ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்த அட்டைகளைப் பற்றிச் சொல்ல முடியாது.

என் அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தார். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீரால் பாலாறும் கிணறுகளும் கெட்டுப் போனது பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு வசதி செய்து கொள்ளாதவை மூடப்பட வேண்டும். நியாயமான தீர்ப்பு. அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நியாயம் வந்த அன்று எங்கள் வீட்டு அடுப்புக்குச் சோதனையும் வந்தது. அப்பா வேலை பார்த்த டேனரி பல மாதங்கள் மூடிக் கிடந்தது.

அப்பா அமிர்திக்குப் போனார். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். "மூணு மாசத்துல மூட்டுக் குடுத்துடறேன் அக்கா" என்று வாங்கி வந்து அடகு வைத்தார். மூன்று மாதம் ஆறாயிற்று. ஆறு ஒரு வருஷமாயிற்று. வட்டி ஏறியது. கடைசியில் வளையல் ஏலத்தில் போய்விட்டது.

அன்றோடு அப்பா அமிர்திக்குப் போவதை நிறுத்திவிட்டார். அத்தை பெயரைக்கூட எடுப்பதில்லை. சகோதரிகளே, கோபத்தில் பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்க ஊரில் நாலு பேர் வருவார்கள். வெட்கத்தில் பிரிந்தவர்களுக்கு யார் தூது போவது?

அத்தையின் அட்டை மட்டும் 1997 பொங்கலுக்கும் வந்தது, 1998 பொங்கலுக்கும் வந்தது. வளையலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இங்கு யாவரும் நலம். இந்த வருஷம் மழை பரவாயில்லை." அவ்வளவுதான். அப்பா படிப்பார், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைப்பார், வேலைக்குக் கிளம்பி விடுவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. 1998 தீபாவளிக்கு நானே ஒரு அட்டை செய்வதென்று தீர்மானித்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கம் கிடைத்தது. ஒட்டுவதற்கு வர்ணக் காகிதம் இல்லை. டேனரியிலிருந்து அப்பா எப்போதோ எனக்கு விளையாடக் கொடுத்த மாதிரித் துண்டு ஒன்று இருந்தது. சிவப்புச் சாயமிட்ட ஆட்டுத் தோல். அதில் ஐந்து இதழ்ப் பூ ஒன்றை வெட்டினேன். தோல் அல்லவா? கத்தரிக்கோல் வழுக்கி ஓர் இதழ் பாதியாய்ப் போயிற்று. அப்படியே ஒட்டி, அடியில், "அன்புள்ள அத்தைக்கு, அப்பா உங்களை மிகவும் விசாரித்தார்" என்று எழுதினேன். சுத்தப் பொய்! அம்மா படித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தபால் தலைக்குக் காசு கொடுத்தாள்.

1999 பொங்கல் வந்தது. அத்தையின் அட்டையும் வந்தது. அப்பா பிரித்தார். பழுப்புக் காகிதத்தில் பானை, மஞ்சளில் சூரியன், பானையின் கழுத்தில், கட்ட வேண்டிய மஞ்சள் கொத்துக்குப் பதிலாக, ஒரு சிவப்புப் பூ. "தம்பி விசாரித்ததாகத் தெரிந்து மிகவும் சந்தோஷம்" என்று எழுதியிருந்தது.

"நான் எப்ப விசாரிச்சேன்?" என்றார் அப்பா.

நானும் அம்மாவும் சுவரைப் பார்த்தோம். அப்பா அந்தப் பூவைக் கட்டை விரலால் ஒரு தரம் தடவினார். தோலோடு காலம் தள்ளியவருக்குத் தம் டேனரித் தோல் தெரியாமல் போகுமா? பாதி இதழையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. "காணும் பொங்கலுக்கு அமிர்தி போலாம். நல்ல கவுனாப் போட்டுக்கோ" என்றார்.

போனோம். வாசலில் அத்தை முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷம் கழித்து வந்த தம்பியை அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "வந்துட்டியா? அந்தக் கரும்பைக் கொஞ்சம் வெட்டிக் குடு தம்பி, எனக்குக் கை வலிக்குது." அப்பா அரிவாளை எடுத்துக் கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று வெட்டினார். ஒரு கரும்பை வெட்ட அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்தபோது, "அக்கா, அந்த வளையல்..." என்று ஆரம்பித்தார்.

"சோறு ஆறுது" என்றாள் அத்தை.

அப்புறம் 2004-இல் அப்பா இரண்டு வளையல் செய்து கொடுத்தார். "என் கை அளவையே மறந்துட்டான் பாரு, இறுக்குது" என்று அத்தை எல்லாரிடமும் குறை சொன்னாள். கழற்றியதென்னவோ கிடையாது. இன்றும் அவைதான் கையில் இருக்கின்றன.

போகட்டும், கைவேலைக்கு வருவோம். இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் அமிர்திக்குப் போனேன். அத்தைக்கு இப்போது 75 வயதுக்கு மேல். கண்ணாடி போட்டுக் கொண்டு சொல்லிக் கொடுத்தாள். அதை அப்படியே தருகிறேன்.

முதலில் உறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகுதான் அட்டையை. அட்டையைச் செய்துவிட்டு உறை தேடினால் ஊரெல்லாம் அலைய வேண்டியதுதான். வீட்டில் குவிந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் வெறும் பக்கமே நல்ல அட்டை. மடிப்பு விழும் இடத்தில் ஸ்கேலை வைத்து, கரண்டிக் காம்பால் ஒரு கோடு அழுத்தி இழுத்தபின் மடித்தால் வெடிக்காது. விரற்கடைக் காகிதங்களை இன்னும் மெல்லிய நாடாவாக நறுக்கி, விளக்குமாற்று ஈர்க்குச்சியில் சுருட்டி, லேசாகத் தளர்த்தி, நுனியை ஒட்டுங்கள். வட்டச் சுருளை ஒரு பக்கம் கிள்ளினால் இதழ். இரு பக்கமும் கிள்ளினால் இலை. இதையே ஊரில் 'குவில்லிங்' என்று சொல்லிப் பணம் வாங்கிக் கொண்டு கற்றுத் தருகிறார்கள்!

பசைக்கு ஒரு பிடி மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கண்ணாடி போல வந்ததும் இறக்க வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் துளி மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். அன்றன்றைக்குக் கிளறிக் கொண்டால் போதும். பசையைக் குறைவாகத் தடவ வேண்டும். அதிகமானால் அட்டை நெளியும். தோல், துணித் துண்டுகளுக்கு மட்டும் ஃபெவிகால். ஒட்டியதும் கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். சுருள் பூக்களை மட்டும் அப்படி நசுக்காமல், அட்டை காய்ந்த பிறகு மேலே ஒட்டுங்கள். தபாலில் போகிற அட்டைக்கு மேடான பூ ஆகாது. முத்திரைக் குத்தில் அப்பளமாகிவிடும்.

"கடையில அழகழகா விக்குதே, எதுக்கு அத்தை இவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டேன்.

"அதுல யாரோ எழுதினது இருக்கும். இதுல நான் உக்காந்த நேரம் இருக்குது இல்ல?" என்றாள்.

அவள் சொன்னது வாஸ்தவம் என்று காரியாலயத்துக்கு வந்து புத்தகத்தைப் புரட்டியபோது தோன்றியது. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லாருக்கும் கடிதம் எழுத நேரமில்லை. ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் படம் வரையச் சொல்லி ஆயிரம் அட்டை அச்சடித்தார். தமக்கு வேண்டியது போக மிஞ்சியதை ஒரு ஷில்லிங் வீதம் விற்றார். ஆக, அச்சு அட்டை நேரமில்லாதவர் கண்டுபிடித்தது. இன்னொரு அட்டையும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு உதவி செய்த யுனிசெஃப் நிறுவனத்துக்கு நன்றி சொல்ல, செக்கோஸ்லோவாகியாவில் யித்கா சாம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி ஒரு படம் வரைந்தாள். காகிதம் கிடைக்கவில்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வரைந்தாள். கம்பத்தைச் சுற்றிச் சிறுமிகள் ஆடும் அந்தப் படம்தான் 1949-இல் யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. கையில் அகப்பட்டதில் செய்தாள். காரணம், சொல்ல வேண்டியது இருந்தது.

இன்று நம்மிடம் காகிதமும் இருக்கிறது, கைப்பேசியும் இருக்கிறது. ஒரே வாழ்த்தை இருநூறு பேருக்குக் கட்டை விரலால் தள்ளி விடுகிறோம். நானும்தான் தள்ளுகிறேன். குற்றமில்லை. ஆனால் அந்த இருநூறு பேரில் ஒருவருக்காவது நாம் உட்கார்ந்த நேரத்தை அனுப்பக் கூடாதா?

அப்பா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அத்தையின் அட்டை இப்போது என் பெயருக்கு வருகிறது. கிளம்புகிறபோது, இத்தனை வருஷம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டேன். "அத்தை, அன்னிக்கு நான் அனுப்பின பூவைப் பிச்சு எங்களுக்கே ஏன் திருப்பி ஒட்டி அனுப்பினீங்க? அப்பா பார்க்கணும்னுதானே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. அந்த வருஷம் செவப்புக் காயிதம் தீந்து போச்சு" என்றாள் அத்தை.

அவள் டப்பாவை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அதில் சிவப்புக் காகிதம் தீர்ந்து நான் பார்த்ததில்லை. நம்புவதா வேண்டாமா என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டு விலாசப் புத்தகத்திலும் வெகு நாளாய் எழுதாமல் விட்ட விலாசம் ஒன்று இருக்கும். பரணிலிருந்து டப்பாவை இறக்குங்கள். பூவின் இதழ் பாதியாய்ப் போனாலும் பரவாயில்லை, அப்படியே ஒட்டி அனுப்புங்கள்.