வாலின் மொழி

நாயின் வாய் பேசாது, வால் பேசும். மகிழ்ச்சி, அச்சம், பணிவு, எச்சரிக்கை அனைத்தையும் அது வாலினாலேயே உரைக்கிறது. அந்த வாலைக் குட்டிப் பருவத்திலேயே வெட்டிவிடும் வழக்கம் மிகப் பழமையானது. வால் நுனியை நீக்கினால் வெறிநோய் அணுகாது என்று உரோமை வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். அந்த நம்பிக்கை மறைந்தது, வெட்டு மறையவில்லை. காரணம் மட்டும் மாறிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பங்கு ஒன்றில் குளிர்காலத்தைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பறவை வேட்டைக்கு ஸ்பானியல் நாய்களைப் பழக்கும் முதியவர் ஒருவர் அங்கே இருந்தார். முட்புதருக்குள் நுழைந்து, பதுங்கியிருக்கும் பறவையை எழுப்பிவிடுவதே ஸ்பானியலின் வேலை. மோப்பம் கிடைத்ததும் அதன் வால் விரைந்து ஆடும். நுனியில் தோல் மெலிது, சதை குறைவு. முள்ளில் அடிபட்டுக் கிழியும். ஆறும் முன்னே மீண்டும் கிழியும். மகிழ்ச்சியே அதற்குக் காயமாகிறது. இறுதியில் வளர்ந்த நாயை மயக்கி வாலை அகற்றவும் நேரிடலாம்.

“ஃபாதர், கண் திறவாத குட்டிக்கு ஒரு நொடி வலி; வளர்ந்த நாய்க்கோ மாதக்கணக்கில் வலி. எது இரக்கம்?” என்றார் அவர். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது.

சட்டமும் இக்கேள்வியோடு போராடியிருக்கிறது. இங்கிலாந்தில் 2007-இல் வால் வெட்டுதல் தடை செய்யப்பட்டது. வேலைக்குச் செல்லவிருக்கும் சில இன நாய்களுக்கு மட்டும், பிறந்த 5 நாள்களுக்குள், கால்நடை மருத்துவரே வெட்டலாம் என விலக்கு அளிக்கப்பட்டது. ஸ்காட்லாந்து அதே ஆண்டில் விலக்கின்றித் தடை விதித்தது. 2017-இல் ஸ்பானியல் போன்ற வேட்டைத் துணை நாய்களுக்கு வாலின் கடைசி மூன்றில் ஒரு பங்கை மட்டும் நீக்க இசைந்தது.

எண்களும் இரு பக்கம் பேசுகின்றன. பிரிட்டனில் எல்லா வகை நாய்களையும் கருத்தில் கொண்டு 2010-இல் வெளியான ஆய்வு, ஒரு காயத்தைத் தடுக்க ஏறத்தாழ 500 வால்களை வெட்ட வேண்டும் என்றது. ஸ்காட்லாந்தில் வேட்டைக்குச் செல்லும் நாய்களை மட்டும் பற்றி, உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வோ, வால் வெட்டப்படாத ஸ்பானியல்களில் 56.6 விழுக்காடு ஒரே பருவத்தில் காயமுற்றதாகக் கூறிற்று. ஆயினும் அதே ஆண்டின் மற்றோர் ஆய்வின்படி, ஒரு ஸ்பானியலின் வாலைப் பின்னாளில் அகற்றும் நிலையைத் தவிர்க்க 320 குட்டிகளின் வால்களை வெட்ட வேண்டும்.

குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயின்றபோது, முழு உடலின் நலனுக்காக நோயுற்ற உறுப்பை நீக்கலாம் என்னும் புனித தாமஸ் அக்குவினாசின் கருத்தைக் கற்றோம். அது மனிதரைப் பற்றியது. எனினும் இங்கும் அது நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. இந்த வால் நோயுற்றதன்று. நோயுறக்கூடும் என்று நாம் அஞ்சுவது. ஐந்தாம் நாளில் எந்தக் குட்டி முட்புதருக்குச் செல்லும், எது அடுப்பங்கரையில் உறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? பலவற்றுக்கு உறுதியான வலியைத் தந்து, சிலவற்றுக்கு வரக்கூடிய வலியைத் தடுக்கிறோம்.

முதியவரின் இரக்கம் பொய்யன்று. குருதி தோய்ந்த வால்களைக் கழுவிய கை அவருடையது. அழகுக்காக வெட்டுவோரோடு அவரை ஒன்றாக எண்ணுதல் அநீதி. தவிர்க்கவே முடியாத இடத்தில், ஸ்காட்லாந்தைப்போல் அளவோடு நிற்பது நேர்மையான வழி என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அந்த முட்புதருக்குள் நாய் தானாகச் சென்றதன்று. நமது வேட்டைக்காக நாம் அனுப்பினோம். வேட்டை நம்முடையது, விலை அதனுடையது. கத்தியை எடுக்குமுன், இந்தப் புதரில் இதை ஏவுவது அவசியந்தானா என்று கேட்பதே இரக்கத்தின் முதற்படி.