பாதம் பேணலும் பனிச்சறுக்கும்

நம் கல்லூரியன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருகவென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய நம்மிடமிருந்து சங்கநூலொன்றைப் பற்றியோ திருமுறையொன்றைப் பற்றியோ ஆராய்ச்சியுரை வருமென்றே எண்ணியிருப்பர். நாம் எழுதத் துணிந்ததோ பனிச்சறுக்கைப் பற்றி. அதிலும், சறுக்கப் போவோர் தம் பாதங்களை நோவின்றிக் காக்குமாற்றைப் பற்றி. இஃதென்ன வேடிக்கை என்று முறுவலிப்போர் சற்றே பொறுத்தருளல் வேண்டும். இம்மலரை விரிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் வாழ்கின்றனர். நமக்குக் கிளித்தட்டு எவ்வாறோ அவ்வாறே அவர்தம் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு.

நம் தமையனாரும் இக்கல்லூரி பெற்ற மைந்தரே. இல்ல விளையாட்டுப் போட்டியிலே 1,500 மீற்றர் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடி முடித்து, அதே காலோடு இரண்டு கட்டை தூரம் வீட்டுக்கு நடந்து வந்தவர். 1989 இல் நோர்வே சென்று ஒஸ்லோ நகரின் ஓரத்தே குடியமர்ந்தார். 2017 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் மகனுடைய பாடசாலையிற் பனிச்சறுக்கு நாள் ஒன்று வந்தது. பெற்றோரும் உடன் வரலாமென்று அழைப்பு. அறிந்தவர் ஒருவரின் சப்பாத்தை இரவல் வாங்கி அணிந்துகொண்டு போனார். இரண்டு மணி நேரம் மகனோடு விழுந்தெழும்பி மகிழ்ந்திருந்தார். நோவென்று ஒன்றும் தெரியவில்லை. வீடு வந்து மேசைக் கழற்றியபோதுதான் குதிக்காலிற் தோலுரிந்து குருதி ஒட்டியிருக்கக் கண்டார். பத்தாண்டாகச் சலரோகம் உள்ளவர் அவர். குதிக்காலின் உணர்ச்சி மங்கியிருந்தமை அன்றே தெரியவந்தது. அப்புண் ஆறுதற்குப் பதினொரு கிழமை சென்றன. அதன்பின், மகன் சறுக்குப் பலகைகளோடு காட்டுக்குள்ளே போகும் ஞாயிறுகளில், தந்தையார் கார் நிறுத்திய இடத்திலேயே தேநீர்க் குடுவையோடு நிற்பாராயினார்.

2018 ஆம் ஆண்டின் மார்கழி விடுமுறைக்கு நம்மை அவர் அழைத்தார். பெறாமகன் தொலைபேசியிலே, "சித்தப்பா, நீங்கள் சறுக்கினால் அப்பாவும் வருவார், தனிய நிற்க அவருக்கு விருப்பமில்லை" என்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சொல்லைத் தட்ட இயலுமா? நம் பாதமும் அத்துணைச் செம்மையாக இருந்ததன்று. இருபதாண்டு சீமெந்துத் தரையில் நின்று கற்பித்ததன் பயனாக, காலையில் எழுந்து வைக்கும் முதலடியிலே குதிக்கால் ஊசி ஏறியதுபோல் நோகும். ஆசிரியர் அறையில் இந்நோவை அறியாதார் மிகச் சிலரே. ஆகவே, அங்கே அவரும் இங்கே நாமுமாகப் புரட்டாதி தொடக்கம் பாதங்களைப் பழக்கலானோம்.

முதலிற் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவிடுங்கள். இல்லையேல் நம் தொழிலுக்கு இழுக்கு. தமிழிலே பனி என்பது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் விடியற்காலத்துக் குளிரும் ஆகும். முன்பனி, பின்பனி என்று இரு பருவங்களை வகுத்த நம் முன்னோர்க்கு, வானிலிருந்து பஞ்சுபோல் உதிர்ந்து முழங்கால் அளவு குவியும் பொருளுக்குத் தனிச்சொல் வேண்டியிருக்கவில்லை. நோர்வேயரோ சறுக்குப் பலகையை 'ஷி' என்கின்றனர். பிளந்த மரத்துண்டு என்பதே அதன் பழம்பொருள். தெலமார்க் மாநிலத்து மோர்கெடால் என்னும் ஊரிலே பிறந்த சொன்றே நூர்ஹைம் (1825–1897) என்னும் ஏழைக் குடியானவர், முறுக்கிய நார்வளையத்தாற் குதிக்காலைச் சுற்றிக் கட்டிப் பலகையைக் காலோடு இசைவித்தார். மலைச்சரிவிலே திரும்பவும் பாயவும் இயன்றது அதன் பின்னரே. 1888 இற் கிறீன்லாந்தைப் பலகை கட்டிய கால்களோடு கடந்த நான்சன், பிற்காலத்தில் நாடிழந்தோர்க்குக் கடவுச்சீட்டு வழங்கச் செய்து 1922 இற் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். ஏதிலிகளாய் அந்நாடு புகுந்த நம்மவர் அவர் பெயரை மறத்தலாகாது.

பனிச்சறுக்கு இருவகைப்படும். சமநிலத்திலும் காட்டுவழியிலும் நடந்து சறுக்குவது ஒன்று. மலையுச்சிக்கு இழுவைக் கம்பியில் ஏறிச் சரிந்து வருவது மற்றொன்று. முன்னையதிற் சப்பாத்தின் நுனி மட்டுமே பலகையிற் பொருந்தும். குதிக்கால் எழும்பித் தாழும். ஆதலால் உந்துகின்ற வேலை முழுவதும் பெருவிரலின் அடிக்கும் கெண்டைக்காலுக்கும் உரியது. பின்னையதிலோ வன்மையான பிளாஸ்ரிக் சப்பாத்துக்குள் கணைக்காலும் குதிக்காலும் பூட்டப்பட்டிருக்கும். பாரம் தொடையில் இறங்கும். இரண்டிலும் புதியவர்க்கு வரும் நோவின் முதற்காரணம் ஒன்றே: அச்சம். விழுந்துவிடுவோமென்று அஞ்சுகிறவன், சப்பாத்துக்குள்ளே விரல்களை மடக்கித் தரையைப் பற்றிக்கொள்ள முயல்கிறான். ஒரு பாதத்தில் 26 என்புகள் உள. அவற்றைத் தாங்கும் சிறு தசைகள் அரைமணி நேரம் இவ்வாறு இறுகியிருந்தாற் பாதவளைவு குரக்கை பிடித்துக்கொள்ளும். விரலை நீட்டி வை என்று எவ்வளவு சொன்னாலும் பயனில்லை. ஒற்றைக்காலில் நிற்க உடல் பழகியிருந்தால் அச்சம் தானே குறையும். விரலும் தானே நீளும்.

இரண்டாவது காரணம் சப்பாத்து. இதிலேதான் நம்மவர்க்குத் தனியிடர் ஒன்றுண்டு. இளமையில் வெறுங்காலோடும் செருப்போடும் திரிந்து வளர்ந்தோரின் பாதம் முன்புறம் அகன்று விரல்கள் விரிந்து நிற்கும். அஃது அழகிய பாதம், இயற்கைப் பாதம். ஆயின், ஒடுங்கிய சப்பாத்துக்குள் அதனைப் புகுத்தினால் சிறுவிரற் பக்கம் நசுங்குகிறது. அந்நோவுக்கு அஞ்சி ஓரளவு நீண்ட சப்பாத்தை வாங்குகின்றனர். அகலத்துக்காக நீளத்தைக் கூட்டினாற் குதிக்கால் உள்ளே ஏறி இறங்கும்; ஏறி இறங்கினால் உராயும்; உராய்ந்தாற் கொப்புளம். தமையனாருக்கு நேர்ந்தது இதுவே.

சரிவிற்குரிய சப்பாத்தை அளவு பார்க்கும் முறையொன்றைப் பெறாமகனே நமக்குக் கற்பித்தான். உள்ளுறையை வெளியே எடுத்துவிட்டு வெற்று ஓட்டுக்குள் காலை வைத்து, விரல்நுனி முன்னே தொடுமாறு நகர்த்தவேண்டும். அப்போது குதிக்காலின் பின்னே ஒரு விரலுக்கு மேலும் இரண்டு விரலுக்கு உட்பட்டும் இடமிருந்தால் நீளம் பொருந்தும். பின்னர் உள்ளுறையை இட்டுப் பூட்டி முழங்காலை முன்னே மடக்கினால், முன்பு தொட்ட விரல்கள் சற்றுப் பின்வாங்கும். அகலம் போதாவிடின், கைதேர்ந்த கடைக்காரர் ஓட்டைச் சூடாக்கி அவ்விடத்தை விரித்துத் தருவர். காட்டுவழிச் சப்பாத்து மென்மையானது. அதனைப் பிற்பகலில், பாதம் சிறிது வீங்கிய வேளையில், அணிந்து பார்த்தல் நன்று. மேசு ஒன்றே போதும், மெல்லிய கம்பளியாலானது. குளிருக்கஞ்சி இரண்டு மேசு போடுவோர் காலை நெருக்கிக் குருதியோட்டத்தைத் தடுத்து, அதனாலேயே கூடுதலாகக் குளிர்வர். நம் அண்ணியார் இதனைக் கடைசிவரை ஏற்கவில்லை!

இனிப் பயிற்சி. இதற்கு இயந்திரமும் வேண்டா, காசும் வேண்டா. துவாயொன்றைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் நிமிர்ந்திருக்க நின்று, மூன்று எண்ணும் வரையிற் குதிக்காலை உயர்த்தி, இரண்டு எண்ணும் வரை நிறுத்தி, மீண்டும் மூன்று எண்ணி மெல்லத் தாழ்த்துவோம். பன்னிரண்டு முறை, ஒன்றைவிட்டொரு நாள். தசைக்கு ஓய்வும் வேண்டுமாதலின் நாடோறும் செய்வதில்லை. நம் குதிக்கால் நோ முதற் கிழமைகளிற் சற்றும் அசையவில்லை. ஐப்பசி முடிவில் ஒரு காலை, கிணற்றடி வரை நடந்த பின்னரே, நோகவில்லையென்பது நினைவுக்கு வந்தது.

ஒற்றைக்காலில் நிற்பதை வகுப்பறையிலேயே பழகினோம். மாணவர் எழுதிக்கொண்டிருக்கையில் மேசைக்குப் பின்னே ஒரு காலைச் சிறிது தூக்கி நின்றால் யாருக்கும் தெரியாது என்றிருந்தோம். பத்தாம் வகுப்பிற் கடைசி வாங்கிலிருந்த ஒருவன் "சேர் தவஞ் செய்கிறார்" என்று கூறியதன் பின் விறாந்தைக்கு மாறினோம். தொடைக்கும் முழங்காலுக்கும் நாம் தெரிந்தெடுத்தது தோப்புக்கரணம். பிள்ளையார் முன்னிலையில் மூன்று முறை போடுவதை முப்பது முறை போட்டோம். குதிக்கால் நிலத்தை விட்டு எழாது முழுதும் குந்தி எழுவதே அதன் பயன். கதிரையிலேயே வாழ்வோர்க்குக் கணைக்கால் மடங்காது. மடங்காத கணைக்காலோடு சறுக்குவோன் இடுப்பைப் பின்தள்ளி மல்லாந்து விழுவான். ஒஸ்லோவில் வாழும் தமையனாருக்குக் குந்துதல் மறந்தே போயிருந்தது. கதவின் கைபிடியைப் பற்றிக்கொண்டு தொடங்கினார். ஞாயிறு மாலைகளில் வைபரிற் படம் பார்த்தபடி இருவரும் ஒன்றாக எண்ணினோம். அவர் அங்கே பதினைந்தில் நிற்பார், நாம் இங்கே விடாது எண்ணுவோம்.

சலரோகமுள்ள அன்பர்க்கு ஒரு சொல். பயிற்சி தொடங்குமுன் வைத்தியர், தமையனாரின் கண்களை மூடச்செய்து, மெல்லிய நைலோன் இழையொன்றை உள்ளங்காலிற் பல இடங்களில் அழுத்தி, உணர்கிறாரா என்று சோதித்தார். இடக் குதிக்காலில் உணர்ச்சி குறைவென்று தெரிந்தது. குருதியோட்டம் நன்றாயிருந்தமையாற் போகலாம் என்றார். ஆனாற் சொந்தச் சப்பாத்து வேண்டும், காட்டுவழி மட்டும், அரைமணிக்கு ஒருமுறை காலைக் கழற்றிக் கண்ணாற் பார்க்கவேண்டும். நோவு என்பது உடலின் காவற்காரன். காவற்காரன் உறங்கும் வீட்டில் கண்தான் காவல் நிற்கவேண்டும். கைச்சூட்டையும் அடுப்புச் சூட்டையும் நம்பி உணர்ச்சி மங்கிய காலைத் தணலருகே நீட்டலும் ஆகாது, சுட்டாலும் தெரியாது.

மார்கழியில் ஒஸ்லோவிற் பிற்பகல் மூன்றேகாலுக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுகிறான். காட்டுவழியெங்கும் விளக்குக் கம்பங்கள் உள. மரங்களின் மேற் பனி. பலகையின் ஓசையன்றி வேறோசை இல்லை. நாம் முதல் நாளில் ஒன்பது முறை விழுந்தோம், பெறாமகன் எண்ணினான். தமையனார் நான்கு முறை. அரைமணி கழிந்ததும் மரவாங்கொன்றில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றினார். பிள்ளை நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தந்தையின் பாதத்தை மடியில் ஏற்றி, குதிக்காலையும் விரலிடைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, "சிவப்பு இல்லை அப்பா" என்றான். அக்குளிரில் அவர் ஏன் கண்ணைத் துடைத்தார் என்று நாம் கேட்கவில்லை.

அன்று இரண்டு கிலோமீற்றர். ஆறாம் நாள் ஐந்து. புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னரே நகம் வெட்டிவிடுவதும், சப்பாத்தைக் காரின் பின்பெட்டியில் இரவு முழுவதும் குளிரவிடாது வீட்டுக்குள் வைப்பதும் வழக்கமாயின. ஈரமேறிய சப்பாத்துகளுக்குள் பெறாமகன் பழைய நோர்வேச் செய்தித்தாள்களைக் கசக்கித் திணித்து வைப்பான். விடியற்காலையில் எடுத்துப் பார்த்தால் நன்றாக உலர்ந்திருக்கும்.