போ என்றால் போதுமா?

வீடு மாறிப் போகிறவர்கள் பழைய வீட்டு வாசற்கதவில் புது விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போவதுண்டு. தேடி வருகிறவர் அதைப் படித்துவிட்டுத் தம் காலாலேயே நடந்து புது வீட்டுக்குப் போகிறார். சீட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. இணையத்தில் 'ரீடைரக்ட்' என்று சொல்கிறார்களே, அது இந்தச் சீட்டுத்தான். நாம் ஒரு பக்கத்தைக் கேட்கிறோம். சர்வர் 302 என்ற எண்ணையும் வேறொரு விலாசத்தையும் எழுதி, 'அங்கே போ' என்று அனுப்புகிறது. நம் பிரௌசர் அதைப் படித்துவிட்டு அங்கே போகிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டு பிரயாணம் முடிந்துவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

எனக்கு இது தெரிய வந்தது என் தங்கை மகளால். புரோகிராம் எழுதுவது அவள் உத்தியோகம். பொங்கல் லீவுக்கு வந்திருந்தவளை எங்கள் ஊர் வாசகசாலைக் காரியதரிசி பிடித்துக்கொண்டுவிட்டார். வாசகசாலைக்கு ஒரு வலைத்தளம் உண்டு. யாரோ ஒரு பையன் பி.எச்.பி. மொழியில் எழுதிக் கொடுத்தது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட அந்த மொழி, சின்னத் தளங்களுக்கு இன்றைக்கும் கைகண்ட மருந்து. இப்போது அங்கத்தினர்கள் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம் வருவதில்லையாம். நாலு வரி ஆங்கிலம் வந்து அப்படியே நிற்கிறதாம்.

அவள் அந்த நாலு வரியைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டாள்.

"தங்கமான பிழை மாமா இது. எந்த ஃபைல், எத்தனாவது வரின்னு அதுவே சொல்லுது, பாருங்க."

விஷயம் இதுதான். சர்வர் அனுப்பும் பதிலில் முதலில் தலைப்பு வரிகள், பிறகுதான் பக்கம். 'அங்கே போ' என்பது தலைப்பில் எழுத வேண்டியது. பக்கத்தில் ஓர் எழுத்து, ஏன், ஒரு வெற்றிடம் வெளியே போய்விட்டால்கூடத் தலைப்பு முடிந்துபோயிற்று. கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு உறைமேல் விலாசம் எழுத முடியுமா? லாகின் பக்கம் மட்டும் உபயோகிக்கும் ஒரு ஃபைலில், கடைசி மூடுகுறிக்குப் பின்னால் யாரோ இரண்டு வெற்று வரிகளை விட்டிருந்தார்கள். அவ்வளவே. அவற்றையும் மூடுகுறியையும் சேர்த்தே எடுத்துவிட்டாள். அந்தக் குறி இல்லாமலே எழுதுவதுதான் நல்லது என்று மொழியின் கையேடே சொல்கிறதாம். சில எடிட்டர்கள் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை ஃபைலின் முதலில் வைத்துவிடும். அதுவும் இதே கூத்தைச் செய்யுமாம்.

காரியதரிசி காபிக்குச் சொல்லி அனுப்பினார். அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து 'கர்ல்' என்று தட்டினாள். ஸ்வீடன் தேசத்து டேனியல் ஸ்டென்பெர்க் 1998இலிருந்து வளர்த்துவரும் கருவி அது. சீட்டைப் படித்துக் காட்டுமே தவிர, நாம் சொன்னாலொழிய அதன்படி நடந்து போகாது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்காமல் அங்கத்தினர் பட்டியலைக் கேட்டாள். மேலே 302, லாகின் பக்கத்துக்குப் போ என்று இருந்தது. அது சரி. அதற்குக் கீழே பட்டியல் முழுவதும் இருந்தது! பெயர், கதவு எண், தெரு, தொலைபேசி, ஒன்று பாக்கி இல்லை.

"நான் சும்மா போனால் உள்ளேயே விட மாட்டேன் என்கிறதே, அம்மா!" என்றார் காரியதரிசி.

"விடாதது உங்க பிரௌசர், சார். சர்வர் எல்லாத்தையும் குடுத்துட்டுத்தான் போகச் சொல்லுது."

'போ' என்று எழுதிய வரியோடு புரோகிராம் நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டது. வாசற்காவலாளி, 'உமக்கு அனுமதி இல்லை, போம்' என்று சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் பட்டியலை உரக்க வாசித்துக்கொண்டே இருந்தால் எப்படி? மரியாதைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாரும் மரியாதைக்காரர்களா? 'எக்ஸிட்' என்ற ஒரே ஒரு சொல்லை அடுத்த வரியில் சேர்த்தாள்; பட்டியல் மறைந்தது.

காபி வந்தது. குடிக்கும்போது மற்ற வியாதிகளையும் விசாரித்தேன். உள்ளே வந்ததற்கு அடையாளமான குக்கி தங்காவிட்டால் லாகின் பக்கமும் உள்பக்கமும் ஆளைப் பந்தாடும். குரோம் 20 தடவை பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். 302க்குப் பதில் 301 என்று எழுதினால் பிரௌசர் அதை நிரந்தரம் என்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். நாம் சர்வரில் திருத்திய பிறகும் பழைய இடத்துக்கே ஓடும். இவையெல்லாம் உடனே கூச்சல் போடும் வியாதிகள். எனக்குப் பயமெல்லாம் அந்தக் கூச்சலில்லாத பட்டியலிடம்தான்.

"யார் கண்டார்கள் இதை? எதற்கு ஊரைக் கூட்டுவது?" என்றார் காரியதரிசி.

வருகிறவர்களையெல்லாம் சர்வர் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது: எந்தப் பக்கம், என்ன எண், எத்தனை பைட்டு. வெறும் 'போ' என்றால் சில நூறு பைட்டுக்குமேல் ஆகாது. இங்கே 302க்கு எதிரே பல்லாயிரம் நின்றது. சிலவற்றில் தேடுயந்திரங்களின் பெயர், சிலவற்றில் பிரௌசரின் பெயர். ஆனால் அந்தப் பெயர் வருகிறவன் தானே சொல்லிக்கொள்வது, பொய்யும் சொல்லலாம். தவிரவும், பதிவேடு இரண்டு வாரத்துக்குத்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்ய வழியில்லை.

"அந்தப் பட்டியல்ல எங்கம்மா நம்பரும் இருக்கு, சார்" என்றாள் அவள்.

நான் அவள் கட்சி. மாதாந்தர அறிவிப்போடு எல்லா அங்கத்தினர்களுக்கும் ஒரு கடிதம் போயிற்று. வாசகம் நான் எழுதியது. அநேகம் பேர் அதைப் படித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூன்று பேர் தொலைபேசி எண்ணை எடுத்துவிடச் சொன்னார்கள். தனியாக இருக்கும் ஒரு அம்மாள் மட்டும் கடிதத்தோடு நேரில் வந்து, எத்தனை நாளாக இப்படி இருந்தது என்று கேட்டாள். காரியதரிசி ஃபைலின் தேதியைப் பார்த்து, 2019 என்றார். அந்த அம்மாள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கதவு எண்ணை அடித்துவிடச் சொல்லி, அவர் அடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு இரண்டு நாவல்களுக்கு மறுதேதி போட்டு வாங்கிக்கொண்டு போனாள்.