குள்ளர் வீட்டுக் கூரை

ஜவ்வாது மலைக் கீழ்செப்பிலியில் ஒரு பலகைக்கல் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கிட்டே வந்தார். "எழுந்திரு தம்பி. அது குள்ளர் வீட்டுக் கூரை." அதட்டவில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் செருப்போடு ஏறியவனிடம் சொல்கிற குரல்.

அதற்கு முன்பும் போளூரில் பஸ் ஏறி, அத்திமூர் தாண்டி, காது அடைக்க அடைக்க ஜவ்வாது மலைக்கு எத்தனையோ தடவை வந்தவன்தான். ஜமுனாமரத்தூர், பீமன் மடவு அருவி, ஒரு பாட்டில் தேன், கொஞ்சம் சாமை அரிசி. அவ்வளவுதான் எனக்கு மலை.

எழுந்து குனிந்து பார்த்தேன். சுற்றிலும் கல் நட்டு, மேலே ஒரு கல் மூடி, முன்கல்லில் வட்டமாக ஒரு துளை. தலை போகும், தோள் போகாது. கற்திட்டை என்கிறார்கள் படித்தவர்கள். பெருங்கற்காலத்து ஈமச்சின்னம், 2,000 ஆண்டுக்கு மேல் பழசு. குள்ளர் என்று ஊர் சொல்வதும் ஆராய்ச்சிதான் என்று எனக்குப் படுகிறது. வாசல் இத்தனூண்டு என்றால் ஆள் எத்தனை உயரம் இருந்திருப்பான்?

இதே மலையில் சில ஊர்களில் புதிய கற்காலக் கற்கோடரிகளைக் குவித்துவைத்துச் சாமி கும்பிடுகிறார்கள். வழுவழுப்பான கல், உள்ளங்கைக்கு அடங்கும். மஞ்சளும் குங்குமமும் அப்பிய அந்தக் குவியலைவிடப் பத்திரமான அலமாரி எது?

கும்பிடுகிற கல் என்றதும் செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல் நினைவுக்கு வருகிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கும். பெயர் கோவிவன். எசமான் விழுந்த பிறகும் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயின் பெயரையும் கல்லில் வெட்டிவைத்த ஊர் அது! தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' நூலைக் கொண்டுவந்தது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரித் தமிழ்த்துறையினர் இன்றும் காடு மேடு ஏறிப் புது நடுகற்களைப் பதிவு செய்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் கல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டால் "எழுந்திரு தம்பி" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. காவலாளி சொல்வார், அது வேறு.

காவலூரும் ஜவ்வாது மலைதான். 1960களின் இறுதியிலிருந்து அங்கே வானாய்வு நடக்கிறது, 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. சனிக்கிழமைகளில் பொதுமக்களையும் உள்ளே விட்டு வானத்தைக் காட்டுகிறார்கள். கல்லைக் காட்டவும் அப்படி ஒரு சனிக்கிழமை வேண்டும். காட்டுகிறவர் அந்தப் பெரியவராக இருக்க வேண்டும், கூலியும் அவருக்கே போக வேண்டும். பலகை வைத்தால் 'கற்திட்டை'க்கு மேலே 'குள்ளர் வீடு' என்று எழுதுங்கள்.

அன்றைக்குக் கூரை மேல் கிடந்த கடலைத் தோலை அவர்தான் துண்டால் தட்டிவிட்டார். அடுத்த முறை போகிறவர்கள் ஊரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடலையைக் கீழே உட்கார்ந்து உரியுங்கள்.