நிமிர்ந்து நிற்கும் ஏவூர்தி

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே செல்லும் இருப்புப்பாதையில் தமிழகத்தின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். அடுத்த நிலையமாகிய தடா, ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. அதன் வடகிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 அங்கிருந்தே புறப்பட்டது. ஏவூர்தி ஏவப்படும் நாள்களில் இவ்வூர் மக்கள் மொட்டை மாடிகளில் கூடுவர். முதலில் ஒளி தெரியும். ஓசை பிந்தி வரும்.

இக்காட்சியைக் கணினித் திரையில் காட்ட விரும்பினாள் இவ்வூரின் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இரண்டு நாள்களே இருந்தன. அவள் எழுதிய நிரலில் ஏவூர்தி வானில் அழகாகச் சாய்ந்து பறந்தது. ஆனால், ஏவுதளத்தில் செங்குத்தாக நிற்க வேண்டிய நேரத்தில் மட்டும் பம்பரம்போல் வெட்டி வெட்டிச் சுழன்றது. மூன்று இரவுகள் நிரலைத் திருத்தியும் பயனில்லை.

பிழை தட்டச்சில் இல்லை, கணிதத்தில் இருந்தது. ஒரு பொருள் எப்படித் திரும்பி நிற்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்ல இரண்டு வழிகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று, ஒன்பது எண்கள் கொண்ட சுழற்சி அணி. மற்றொன்று, ஆய்லர் கோணங்கள் என்னும் மூன்று எண்கள். மூக்கை இடவலமாகத் திருப்புவது திருப்பம். மேலே உயர்த்துவது ஏற்றம். நீள அச்சைச் சுற்றித் தானே உருள்வது உருளல். மனிதர் புரிந்துகொள்ளக் கோணங்களே எளியவை. கணினி வரைவதற்கோ அணியே ஏற்றது. ஆகவே நிரல்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

கோணங்களை எந்த வரிசையில் செலுத்துகிறோம் என்பதும் முக்கியம். இப்பாடநூலையே மேசைமீது, அட்டை மேலே தெரிய வைத்துப் பார்க்கலாம். முதலில் அதை மேசையிலேயே வலமாகக் கால்வட்டம் திருப்பி, பிறகு எதிர்ப்புற விளிம்பை உயர்த்தி நிறுத்தினால், முதுகுப்பகுதி மேலே இருக்க அட்டை நம்மை நோக்கும். இதையே வரிசை மாற்றி, முதலில் நிறுத்திப் பிறகு வலமாகத் திருப்பினால், நூல் தலை நிமிர்ந்து நிற்கும். அட்டையோ இடப்பக்கம் பார்க்கும். அணிப் பெருக்கலுக்குப் பரிமாற்றுப் பண்பு இல்லை என்று கணித வகுப்பில் படிப்பதன் பொருள் இதுதான். கணித நூலில் ஒரு வரியில் கடந்துவிடும் இச்செய்தியைக் கையால் செய்து பார்த்தவர் மறப்பதில்லை.

கணித ஆசிரியை நிரலைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “எத்தனை பாகையில் ஆடுகிறது?”

“தொண்ணூறில்தான் அம்மா.”

“நேராக நிற்கும் பனைமரம் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, சொல்.”

அவளால் சொல்ல இயலவில்லை. சொல்வதற்கு விடையும் இல்லை. மூக்கு வானை நோக்கும்போது திருப்பத்தின் அச்சும் உருளலின் அச்சும் ஒன்றாகிவிடுகின்றன. முப்பது பாகை திருப்பினாலும், அதே அளவு உருட்டினாலும், கண்ணுக்குத் தெரிவது ஒரே வகைச் சுழற்சிதான். இந்நிலை கிம்பல் பூட்டு எனப்படும். 1969-இல் நிலவுக்குச் சென்ற அப்பல்லோ 11 கலத்தின் வழிகாட்டும் கருவி ஒன்றனுள் ஒன்றாக அமைந்த மூன்று வளையங்களால் தாங்கப்பட்டிருந்தது. நடு வளையம் 70 பாகையைத் தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். வீரர்கள் அந்நிலையைத் தவிர்த்தே கலத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

அணியிலிருந்து கோணங்களைப் பிரிக்கும்போதும் இதே இடர்தான். மூன்றாம் நிரையின் முதல் உறுப்பு, குறி மாற்றினால், ஏற்றத்தின் சைன் மதிப்பைத் தரும். முதல் நிரலின் முதல் இரண்டு உறுப்புகளின் தகவு திருப்பத்தையும், மூன்றாம் நிரையில் எஞ்சிய இரண்டின் தகவு உருளலையும் தரும். ஆனால், இந்நான்கு உறுப்புகளிலும் ஏற்றத்தின் கோசைன் பெருக்கமாக ஒளிந்திருக்கிறது. ஏற்றம் 90 பாகையானால் நான்கும் சுழியம். தகவு தேரப்பெறா வடிவமாகிவிடும். கணினியோ சுழியத்தைக்கூடத் துல்லியமாகத் தருவதில்லை. அதில் 90 பாகையின் கோசைன், புள்ளிக்குப் பின் பதினாறு சுழியங்கள் கடந்து 6 என்னும் இலக்கத்துடன் வரும். அந்தத் துகளைத் துகளால் வகுத்துக் கிடைத்த கோணத்தையே அவளுடைய நிரல் நம்பி, ஒவ்வொரு படச்சட்டத்திலும் ஏவூர்தியைப் புதிதாகத் திருப்பிக்கொண்டிருந்தது.

இக்கோணங்களுக்குப் பெயர் தந்த லியோனார்டு ஆய்லர் 1707-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தவர். ஒரு புள்ளியை நிலையாகக் கொண்ட எந்தச் சுழற்சியையும் ஏதேனும் ஓர் அச்சைச் சுற்றிய ஒரே சுழற்சியாகக் கொள்ளலாம் என்று அவர் 1775-இல் நிறுவினார். அப்போது அவர் பார்வையை ஏறத்தாழ முழுவதும் இழந்திருந்தார். முப்பரிமாணத் திருப்பங்களை மனக்கண்ணாலேயே கண்டவர் அவர். 1843-இல் ஹாமில்டன் கண்ட நான்கு எண்களாலான குவாட்டர்னியன் முறை, பூட்டு நேராமல் சுழற்சியைக் குறிக்க இன்று பெரிதும் உதவுகிறது.

மாணவி அவ்வளவு தொலைவு செல்லவில்லை. கோணங்களைச் சேமிப்பதை நிறுத்தினாள். அணியை மட்டுமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிறு திருப்பத்தையும் அதனோடு பெருக்கினாள். பார்ப்பவர் அறிவதற்காக மட்டும் திரையோரத்தில் கோணங்களைக் கணித்துக் காட்டினாள். செங்குத்து நிலையில் திருப்பத்திற்கும் உருளலுக்கும் உரிய கட்டங்களை வெறுமையாக விட்டாள். பொய்யான எண்ணைக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

கண்காட்சியன்று ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அந்த வெற்றுக் கட்டங்களைச் சுட்டிக் கேட்டான்: “அக்கா, இங்கே மட்டும் ஏன் எண் வரவில்லை?”

“கொஞ்சம் பொறு.”

திரையில் ஏவூர்தி கிளம்பியது. துருவப் பாதைக்குச் செல்லும் பி.எஸ்.எல்.வி. இலங்கையின் மேலே பறப்பதைத் தவிர்க்க, முதலில் தென்கிழக்காகக் கடல்மீது சென்று பின்னரே தெற்கே திரும்பும். அவள் வரைந்ததும் அவ்வழியைத்தான். ஏற்றம் 90-இலிருந்து 89, 88 எனக் குறைந்தது. மூக்கு கடற்பக்கம் சாய்ந்ததும் வெறுமையாக இருந்த இரு கட்டங்களிலும் எண்கள் தோன்றின.